மனநோய் உள்ளவருக்கு வேலை கேட்டு முதலாளியிடம் போவது எப்படி? முழுமையான வழிகாட்டி

மனநல மையங்களிலும் மறுவாழ்வுத் திட்டங்களிலும் வேலை தேடித் தரும் பொறுப்பில் புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்காக எழுதப்பட்டது இது. ஸ்கிட்சோஃப்ரினியா, இருமுனைக் கோளாறு, கடும் மனச்சோர்வு போன்ற நோயோடு வாழும் ஒருவருக்கு, மற்றவர்கள் பார்க்கும் அதே வேலையை அதே சம்பளத்துக்கு வாங்கித் தருவதுதான் இலக்கு. குடும்பத்தார் தாங்களே முயன்றாலும் கீழே உள்ள படிகளின் வரிசை மாறாது.

புதியவர்கள் பெரும்பாலும் முதலாளியின் மனதை மாற்றுவதற்கென்று புறப்படுகிறார்கள். விழிப்புணர்வுப் பேச்சை அவர் பொறுமையாகக் கேட்பார், தலையாட்டுவார், மரியாதையாக வழியனுப்பிவிடுவார். வேலை மட்டும் வராது. அவருடைய தயக்கத்தைக் கிளறிப் பார்த்தால் அடியில் கிடப்பது பெரும்பாலும் ஒரே கேள்வி: "காலையில் ஆள் வரலேன்னா நான் யாரைக் கூப்பிடுறது?" இதற்குப் பதில் வைத்துக்கொண்டு போகிறவருக்குத்தான் கதவு திறக்கும். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்தப் பதிலைத் தயாரிப்பதற்காகவே.

1. புறப்படும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் வேலை தேடுபவரோடு இரண்டு மூன்று முறை உட்கார்ந்து பேசுங்கள். இதையே மாதக்கணக்கில் இழுக்காதீர்கள். இந்தத் துறையில் அதிகம் சோதிக்கப்பட்ட 'இண்டிவிஜுவல் பிளேஸ்மென்ட் அண்ட் சப்போர்ட்' (நேராக வேலையில் சேர்த்து, சேர்ந்தபின் துணை நிற்பது) முறையில், திட்டத்தில் சேர்ந்த சுமார் 30 நாளுக்குள் முதல் முதலாளியைச் சந்தித்தாக வேண்டும். "முதலில் பயிற்சி, பிறகு வேலை" என்று காக்க வைத்தால் ஆர்வம் வடிந்துவிடும். பயிற்சிக்கூடத்தில் பழகியது வேலையிடத்தில் உதவாமலும் போகும். ஐரோப்பாவின் 6 மையங்களில் நடந்து 2007இல் வெளியான சோதனையில், நேராக வேலைக்கு அனுப்பி அங்கேயே துணை நின்ற குழுவில் 55 சதவீதம் பேர் 18 மாதத்துக்குள் ஒரு நாளாவது மற்றவர்களைப் போலச் சம்பள வேலை பார்த்தார்கள். முன்பயிற்சி தந்த குழுவில் அது 28 சதவீதம்.

அந்தச் சந்திப்புகளில் இவற்றைச் சேகரித்துக்கொள்ளுங்கள்:

- விருப்பம். என்ன வேலை, எத்தனை மணி நேரம், எவ்வளவு தூரம், கூட்டத்தோடா தனியாகவா. விருப்பமில்லாத வேலையில் சேர்ந்தவர் சீக்கிரம் விலகிவிடுவார். அதற்கான பழி நோயின் மேல் விழும்.
- பழைய வேலைகள் ஏன் நின்றன. "உடம்பு சரியில்லை" என்ற பதிலோடு நிறுத்தாதீர்கள். ஷிப்ட் மாறியதா, சூப்பர்வைசர் மாறினாரா, சத்தமா, மருந்தை நிறுத்தியதா? அடுத்த இடத்தில் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பது இங்கேதான் தெரியும்.
- மருந்து எத்தனை மணிக்கு, தூக்கம் எந்த நேரத்தில் அழுத்துகிறது, ரத்தப் பரிசோதனைக்கு எப்போது போக வேண்டும். இது உங்களுக்கான தகவல், முதலாளிக்கு அல்ல.
- சரிவுக்கு முன் தெரியும் அறிகுறிகள் இரண்டோ மூன்றோ, அவர் சொல்லிலேயே.
- உதவித்தொகைக் கணக்கு. சம்பளம் வரத் தொடங்கினால் ஓய்வூதியமோ மருத்துவச் சலுகையோ குறையுமா என்பதை முன்பே பாருங்கள். முதல் சம்பளம் வந்ததும் உதவித்தொகை நின்று, குடும்பமே வேலையை விடச் சொல்வது நடக்கிறது.

டாக்டர் "தயார்" என்று சான்று தரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வேலை செய்ய விரும்புகிறார் என்பதே நுழைவுத் தகுதி. டாக்டரிடம் கேட்க வேண்டியது வேறு: மருந்தை இரவுக்கு மாற்ற முடியுமா, பரிசோதனையை லீவு நாளில் வைக்கலாமா.

2. எவ்வளவு சொல்வது என்று முடிவெடுத்தல்

மிக அதிகம் சறுக்குவது இந்தப் படியில்தான். நீங்கள் ஒரு மனநல மையத்தின் பெயர் அச்சிட்ட அட்டையோடு போய் நின்றாலே பாதி விஷயம் வெளியே போய்விட்டது. ஆகவே முதலாளியின் வாசலை மிதிக்கும் முன் இந்த முடிவு எழுத்தில் இருக்க வேண்டும்.

தேர்வுகள் நான்கு. முதலாவது, எதுவும் சொல்வதில்லை. நீங்கள் பின்னால் இருந்து உதவுவீர்கள், முதலாளியிடம் முகம் காட்டமாட்டீர்கள். இரண்டாவது, "ஒரு உடல்நலக் காரணத்துக்காகத் தொடர் சிகிச்சையில் இருக்கிறேன்" என்பதோடு நிறுத்துவது. மூன்றாவது, காரணத்தைத் தொடாமல் தேவையை மட்டும் சொல்வது: "காலை 10 மணிக்குத் தொடங்கினால் வேலை நன்றாக ஓடும்." நான்காவது, நோயின் பெயரையே சொல்வது.

ஒவ்வொன்றுக்கும் விலை உண்டு. சொன்னால் நேர்காணல் அழைப்பே வராமல் போகலாம். 2016இல் அமெரிக்காவில் வெளியான ஒரு கள ஆய்வில், வேலை இடைவெளிக்கு உடற்காயத்தைக் காரணம் காட்டிய விண்ணப்பங்களைவிட மனநோயைக் காட்டியவற்றுக்குக் குறைவான அழைப்புகளே வந்தன. சொல்லாவிட்டால், சட்டப்படி கிடைக்கக்கூடிய வேலை ஏற்பாடுகளை (தொடக்க நேரத்தை மாற்றுவது போன்றவற்றை) உரிமையாகக் கேட்க முடியாது. மறைத்துக்கொண்டே இருப்பதும் தனிச் சுமை. எங்கள் பரிந்துரை: நேர்காணல் வரை மூன்றாவது. வேலை உறுதியானபின், தேவைப்பட்டால், நேரடி மேலாளர் ஒருவரிடம் மட்டும் இரண்டாவது. நான்காவது, அவரே விரும்பிக் கேட்டால் மட்டும். விண்ணப்பத்தில் நோயின் பெயரை எழுதுவது ஒருபோதும் வேண்டாம்; முகம் பார்ப்பதற்கு முன் நோயைப் பார்க்க வைப்பதால் ஒரு லாபமும் இல்லை.

சொல்லாமல் விடுவது வேறு, பொய் சொல்வது வேறு. சேர்க்கைப் படிவத்தில் நேரடியாகக் கேட்ட கேள்விக்குப் பொய்யாகப் பதில் எழுதினால், பின்னாளில் அதையே காரணமாக வைத்து வேலையிலிருந்து நீக்க வழியுண்டு. அப்படிப்பட்ட கேள்வியை முதலாளி கேட்கலாமா என்பதே நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவின் 1990ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளர் சட்டமும் பிரிட்டனின் 2010ஆம் ஆண்டு சமத்துவச் சட்டமும், வேலை தருவதாகச் சொல்லும் முன் நோய் பற்றிக் கேட்பதைப் பொதுவாகத் தடுக்கின்றன. இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயையும் தன் பட்டியலில் வைத்திருக்கிறது. உங்கள் நாட்டுச் சட்டத்தில் இந்த ஒரு பகுதியையாவது படித்துவிட்டுப் போங்கள்.

ஒப்புதல் தாளில் யாரிடம், எதை, எந்தச் சொற்களில் என்ற மூன்றும் இருக்கட்டும். கையெழுத்தும் தேதியும் வேண்டும். "முதலாளியிடம் பேசச் சம்மதம்" என்று பொதுவாக எழுதி வாங்குவது வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்குவதற்குச் சமம். முடிவு பின்னால் மாறலாம். ஒரு முறை சொன்னதை மட்டும் திரும்பப் பெற முடியாது. அதனால்தான் குறைவாகத் தொடங்கச் சொல்கிறோம்.

3. முதல் சந்திப்பு: வேலை கேட்காதீர்கள்

15 நிமிடம் கேட்டு வாங்குங்கள். உங்கள் வேலை என்ன என்பதை இரண்டு வாக்கியத்தில் சொல்லுங்கள்: "ஆள் தேடுறவங்களுக்குப் பொருத்தமான ஆளைக் கொடுக்கிறோம், சேர்ந்தபிறகும் கூடவே இருக்கோம். உங்க இடத்தில் என்ன மாதிரி வேலை நடக்குதுன்னு தெரிஞ்சுக்க வந்தேன்." யாருடைய பயோடேட்டாவையும் அன்று எடுக்க வேண்டாம்.

ஏன் என்றால், முதல் பேச்சிலேயே ஆளைக் காட்டினால் முதலாளி 'ஆம்' அல்லது 'இல்லை' சொல்லியாக வேண்டிய இடத்தில் நிற்கிறார். தெரியாத ஒருவரிடம் சுலபமாக வரும் பதில் 'இல்லை'. அது வந்துவிட்டால் மறுபடி போவதற்கு உங்களுக்குக் காரணமும் இருக்காது.

யாரைப் பார்க்கிறீர்கள் என்பதும் முக்கியம். பெரிய நிறுவனத்தில் எச்.ஆர். துறைக்குக் கொள்கை உண்டு, கையில் வேலை இருப்பதில்லை. ஆளை எடுப்பதும் வைத்துக்கொள்வதும் பகுதி மேலாளர் அல்லது சூப்பர்வைசர். சிறிய இடத்தில் முதலாளியேதான். முன்பு மனநோய் உள்ள ஒருவரை வேலைக்கு வைத்துப் பழகியவர்கள் மறுபடி வைக்கத் தயங்குவது குறைவு என்பது இந்தத் துறை ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிவது. பட்டியலில் அவர்களை மேலே வையுங்கள். தயங்கும் புது முதலாளிக்கு உங்கள் நூறு வார்த்தையைவிட, ஏற்கனவே வைத்திருக்கும் இன்னொரு முதலாளியின் ஒரு போன் பேச்சு அதிகம் செய்யும். அந்தப் பேச்சில் தொழிலாளியின் பெயர் வரக் கூடாது.

வாரத்துக்கு ஆறு முதலாளிகளையாவது நேரில் பாருங்கள். மின்னஞ்சல் கணக்கில் சேராது.

4. இரண்டாம் சந்திப்பு: வேலையைப் பாருங்கள்

ஒரு மணி நேரம் நின்று பார்க்க அனுமதி கேளுங்கள். என்ன செய்கிறார்கள், எந்த வரிசையில், யார் சொல்லி, எத்தனை நிமிட இடைவெளியில் என்று குறித்துக்கொள்ளுங்கள். சத்தம், வெளிச்சம், வெயில், வாடிக்கையாளர் நெருக்கம், உட்கார இடம் உண்டா, தண்ணீர் எவ்வளவு தூரத்தில், ஷிப்ட் எப்படிச் சுற்றுகிறது, எல்லாம் வேண்டும்.

பிறகு முதலாளியிடம் ஒரே ஒரு கேள்வி: "கடைசியா நீங்க வேலையை விட்டு அனுப்பின ஆள் எதனால போனார்?" பதிலில் அவருடைய உண்மையான தேவை வந்துவிடும். 'சொல்லாமல் லீவு போடுவார்' என்றால், இங்கே வேகத்தைவிடத் தகவல் சொல்வது முக்கியம். 'திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது' என்றால், எழுத்தில் வேலைப் பட்டியல் கேட்க இதுதான் வழி.

இந்தப் படியைத் தாண்டுகிறவர்கள் வேலையின் பெயரை நம்பிப் பொருத்துகிறார்கள். 'ஸ்டோர் வேலை, அமைதியாக இருக்கும்' என்று அனுப்பினால், அங்கே நாள் முழுக்க லாரி டிரைவர்களோடு வாக்குவாதம் நடந்துகொண்டிருக்கும்.

5. மூன்றாம் சந்திப்பு: ஆளைப் பற்றிப் பேசுவது

இப்போது வேலையின் தேவையை ஆளின் திறமையோடு சேர்த்துச் சொல்லுங்கள். "எண்ணிக்கை தப்பக் கூடாதுன்னு சொன்னீங்க. இவர் அதில் கெட்டி, முன்னாடி ரெண்டு வருஷம் பில்லிங் பார்த்திருக்கார்." பரிதாபம் தொனிக்கும் ஒரு சொல்லும் வேண்டாம். இரக்கத்தில் கொடுக்கும் வேலையில் தவறைச் சுட்டிக்காட்டமாட்டார்கள், பொறுப்பு கூட்டமாட்டார்கள், சம்பளமும் ஏறாது. ஒருநாள் சத்தமில்லாமல் நிறுத்திவிடுவார்கள். மறுக்கும் முதலாளியைவிட இவரிடம்தான் அதிக எச்சரிக்கை தேவை.

ஆட்சேபணைகள் வரும்போது வாதாடாதீர்கள். பின்வரும் பேச்சு நோய் இருப்பதைச் சொல்ல ஒப்புதல் தந்த ஒருவருக்கானது:

"திடீர்னு ஏதாவது ஆயிட்டா சார்?"
"நீங்க எதை நினைச்சுக் கேக்குறீங்க? வராம போறதா, இங்கேயே ஏதாவது நடக்கிறதா?"
"ரெண்டும்தான்."
"வரலேன்னா 9 மணிக்கு எனக்கு ஒரு போன் பண்ணுங்க, 10 மணிக்குள்ள தகவல் சொல்றேன். இங்கே சிரமமா இருக்கிற மாதிரி தெரிஞ்சா அவரே சூப்பர்வைசர்கிட்ட சொல்லிட்டுப் பத்து நிமிஷம் வெளியே போய்ட்டு வருவார். அப்பவும் சரியா இல்லேன்னா நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."

பயத்தை இரண்டாகப் பிரித்துக் கேட்டதும் அது வேலை நிர்வாகக் கேள்வியாக மாறிவிடுகிறது. அதற்கு யாரிடமும் பதில் உண்டு. ஆனால் 10 மணி என்று சொல்லிவிட்டு 12 மணிக்குக் கூப்பிட்டால் அந்த முதலாளியை மறந்துவிடலாம்.

வன்முறை பற்றிய பயம் பெரும்பாலும் வாய்விட்டு வராது. "லேடீஸ் ஸ்டாஃப் இருக்காங்க", "கஸ்டமர் வர்ற இடம்" என்று சுற்றி வரும். மனநோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் வன்முறையில் இறங்குவதில்லை, அடிவாங்கும் பக்கத்தில் இருப்பதே அதிகம் என்பது உண்மை. ஆனாலும் புள்ளிவிவரம் ஒப்பித்தால் அந்தப் பயம் போகாது. ஆளைப் பார்த்துப் பேசவைப்பதுதான் போக்கும். மனப்பான்மை மாற்றத்தில், பெரியவர்களிடையே, பாடம் எடுப்பதைவிட நேரில் பழகுவது அதிகம் பலிக்கிறது. எனவே இங்கே கேட்க வேண்டியது, "அரை மணி நேரம் அவரோடு பேசிப் பாருங்க" என்பது மட்டுமே.

"முதல் மாசம் சம்பளம் இல்லாம பார்க்கட்டும்" என்று வந்தால் மறுத்துவிடுங்கள். சோதனைக் காலம் வைக்கலாம், சம்பளத்தோடு. இலவசமாக வந்தவரின் வேலையை யாரும் கூர்ந்து கவனிப்பதில்லை. ஆகவே அந்த மாதத்தின் முடிவில் அவரை வேலைக்கு எடுப்பதற்கான ஆதாரமும் இருக்காது.

6. நேர்காணலும் பயோடேட்டாவில் உள்ள இடைவெளியும்

இரண்டு வருட இடைவெளி இருந்தால் கேள்வி வரும். தயாரிக்க வேண்டிய பதில் மூன்று வாக்கியம், 20 விநாடி: "அந்தக் காலத்தில் உடல்நலம் காரணமா வேலையில் இல்லை. இப்போ வேலைக்குத் தயாரா இருக்கேன். போன ஆறு மாதமா இதைச் செய்துகிட்டிருக்கேன்." மூன்றாவது வாக்கியம் அவசியம், அது உண்மையாகவும் இருக்க வேண்டும்: பகுதிநேர உதவி, ஒரு படிப்பு, வீட்டுக் கணக்கு, எதுவானாலும். பேச்சு இடைவெளியிலிருந்து நிகழ்காலத்துக்கு நகர்வது அந்த வாக்கியத்தால்தான்.

கண்ணாடி முன் ஒப்பிப்பது போதாது. நீங்கள் முதலாளியாக உட்கார்ந்து, குறுக்கே வெட்டிக் கேட்டுப் பழக்குங்கள். பதற்றத்தில் மருத்துவமனை வரலாறு முழுவதையும் கொட்டிவிடுவது இங்கே சாதாரணம்.

நேர்காணலை மருந்தின் மந்தம் குறைந்த நேரத்தில் கேட்டு வாங்குங்கள். நேரம் மாற்றிக் கேட்பதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

7. வேலை ஏற்பாடுகளைக் கேட்பது

வேலை உறுதியானபின், சேரும் முன். மூன்றுக்கு மேல் கேட்காதீர்கள், ஒவ்வொன்றையும் அளவோடு சொல்லுங்கள். 'கொஞ்சம் அனுசரித்துப் போங்க' என்றால் எதைச் செய்வது என்று மேலாளருக்குத் தெரியாது. அதிகம் பயன்படுபவை:

- தொடக்க நேரம். சில மருந்துகளின் மந்தம் காலையில் தெளிய நேரமாகும். ஒரு மணி நேரம் தள்ளித் தொடங்கி அதே அளவு தள்ளி முடிப்பது போதும்.
- நிலையான ஷிப்ட். இருமுனைக் கோளாறில் தூக்கம் குலைவது மிகைமனநிலையை (மேனியா) தூண்டக்கூடும். சுற்று முறை இரவு ஷிப்ட் உள்ள இடத்தை ஏற்க வேண்டாம்.
- தண்ணீரும் நிழலும். லித்தியம் (இருமுனைக் கோளாறுக்கான மருந்து) எடுப்பவருக்கு உடலில் நீர் வற்றினால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறி நச்சாகலாம். உலை, வெயில், கொதிகலன் அருகிலான வேலையை டாக்டரிடம் கேட்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். இதே மருந்தில் கை நடுங்கலாம். நுண்ணிய பொருத்து வேலைக்கு அது இடைஞ்சல்.
- பரிசோதனை நேரம். குளோசபின் (ஸ்கிட்சோஃப்ரினியாவுக்கான மருந்து) தொடங்கியவருக்கு ஆரம்ப மாதங்களில் அடிக்கடி, பொதுவாக வாராவாரம், ரத்தப் பரிசோதனை உண்டு. எந்த நாள், எத்தனை மணி நேரம் என்று முன்கூட்டிச் சொல்லிவிட்டால் அது 'அடிக்கடி லீவு' என்று பெயர் வாங்காது.
- எழுத்தில் வேலைப் பட்டியல். கவனமும் நினைவும் தளர்ந்திருக்கும்போது ஐந்து வேலையை வாயால் சொன்னால் மூன்றுதான் தங்கும்.

இவற்றில் பலவற்றுக்கு முதலாளிக்குச் செலவே இல்லை. அதை நீங்களே சொல்லுங்கள். அவர் மனதில் ஒரு பெரிய தொகை ஓடிக்கொண்டிருக்கும்.

8. முதல் 90 நாள்

முதல் வாரம் தினமும் மாலை தொழிலாளியோடு ஐந்து நிமிடம் பேசுங்கள். இரண்டாம் வாரத்திலிருந்து வாரம் இருமுறை, இரண்டாம் மாதம் முதல் வாரம் ஒருமுறை. வேலையிடத்துக்கு வெளியே சந்திப்பது நல்லது. உங்கள் தலை அடிக்கடி தெரிந்தால் சக ஊழியர்கள் கதை கட்டுவார்கள்.

நீங்கள் பேசலாம் என்று ஒப்புதல் இருந்தால், சூப்பர்வைசரை முதல் மாதம் வாரம் ஒருமுறை கூப்பிடுங்கள். "எப்படி இருக்கார்?" என்று கேட்டால் "நல்லா இருக்கார்" என்றே வரும், நீக்கும் நாள் வரை. "இந்த வாரம் எந்த வேலை மெதுவா போச்சு? எதை ரெண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது?" என்று கேளுங்கள். குறை சிறிதாக இருக்கும்போதே கைக்கு வரும்.

சக ஊழியர்களிடம் எதையும் அறிவிக்க வேண்டாம். நல்லெண்ணத்தில் மேலாளர் கூட்டம் கூட்டி "இவரைப் பார்த்துக்கோங்க" என்று சொல்லிவிடுவது உண்டு. சேரும் முன்பே அவரிடம் சொல்லி வையுங்கள்: தொடக்க நேரம் பற்றி யாராவது கேட்டால் "நான் ஒப்புக்கொண்ட ஏற்பாடு" என்பதே போதும்.

மூன்றாவது மாதத்தில் ஒரு பொறி இருக்கிறது. எல்லாம் நன்றாகப் போவதால் மருந்து இனி எதற்கு என்ற எண்ணம் வரும். முதலாளியும் கூடுதல் மணி நேரம் கேட்பார். இரண்டும் ஒரே வாரத்தில் வரலாம். டாக்டர் சந்திப்பை இந்த நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

9. தடுமாறினால்

சரிவு வந்தால் என்ன செய்வது என்ற திட்டம், அவர் நன்றாக இருக்கும்போதே எழுதப்பட வேண்டும். அரைப்பக்கம் போதும்: அறிகுறி என்ன, முதலில் கவனிப்பவர் யார், யாருக்குப் போன், முதலாளிக்கு யார் சொல்வார்கள், என்ன சொல்வார்கள். முதலாளியிடம் போகும் செய்தியில் இரண்டே விவரம்: எத்தனை நாள் வரமாட்டார், அடுத்த தகவல் எப்போது. நோய் விவரம் வேண்டாம். நாள் தெரியாவிட்டால், "வியாழக்கிழமை மறுபடி கூப்பிடுறேன்" என்பதும் தகவல்தான்.

தற்கொலை பற்றிப் பேசினாலோ, நிஜம் எது என்று புரியாத நிலைக்குப் போனாலோ இந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். அவரைத் தனியே விடாமல் உடனே மருத்துவ உதவிக்குப் போங்கள். வேலை பற்றிப் பிறகு பேசலாம்.

திரும்பி வரும்போது முழு நேரத்துக்கு ஒரே அடியாக வேண்டாம். முதல் வாரம் பாதி நேரம், இரண்டாம் வாரம் முக்கால், பிறகு முழுவதும் என்பது பலருக்குப் பொருந்தும். மேலாளரோடு பத்து நிமிடச் சந்திப்பு முதல் நாள் காலையிலேயே நடக்கட்டும். "எல்லோரும் என்ன நினைக்கிறார்களோ" என்ற யோசனையோடு அவர் உள்ளே நுழைவதைத் தவிர்க்கவே இது.

எல்லாத் தவறுக்கும் நோய் காரணமல்ல என்பதையும் மேலாளருக்குச் சொல்ல வேண்டும். தாமதமாக வந்தால் மற்றவரிடம் கேட்பது போலவே கேட்கட்டும்.

10. வேலை முடிந்துபோனால்

முதல் வேலை நிலைக்காமல் போவது சகஜம். ஒரு வாரத்துக்குள் தொழிலாளியிடமும் முதலாளியிடமும் தனித்தனியே பேசி, எது ஓடியது, எது ஓடவில்லை என்று, தொடக்கத்தில் சேகரித்த விருப்பக் குறிப்பில் சேர்த்துக்கொண்டு, அடுத்த தேடலைத் தொடங்குங்கள். காத்திருக்கும் தண்டனை கூடாது.

முதலாளியிடம் மூன்று விஷயம் கேட்டு வாங்குங்கள்: வேலை பார்த்த காலத்தைக் காட்டும் சான்றிதழ், பாக்கிச் சம்பளம், "அடுத்த முறை நான் என்ன செய்தால் உங்களுக்கு வசதியாக இருந்திருக்கும்?" என்பதற்குப் பதில். மூன்றாவதைக் கேட்டவுடன் எழுந்துவிடாமல், அவர் சொல்லி முடிக்கும் வரை உட்கார்ந்து குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆளுக்காக அதே வாசலுக்கு நீங்கள்தான் மறுபடி போகப்போகிறீர்கள்.